பெயர் சொல்லி அழைக்காத காடு

கண் விழித்தபோது பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே நெல் வயல் தெரிந்தது. வரப்பு, வாய்க்கால், ஒற்றைக் காலில் கொக்கு. முசிறியை விட்டு நான் கிளம்பவே இல்லையோ என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு வயலுக்கு நடுவே ஒரு பள்ளிவாசல் கடந்து போனது. பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம் "ஈப்போ?" என்று மட்டும் கேட்டேன். அவர், பேருந்து வந்த வழியைக் கையால் காட்டினார்.

ஒரு பெரிய நிலையத்தில் பேருந்து வெகுநேரம் நின்றது நினைவிருந்தது. இதுதான் ஈப்போவா என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது. இனிக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று தூங்கிவிட்டேன். எனக்கு எப்போதும் இப்படித்தான்.

இறங்கிய ஊரின் பெயர் பாரிட் புந்தார். என்னை அழைத்திருந்த குணா, போனில் விவரம் கேட்டு அங்கேயே லாரியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். சிரித்துக்கொண்டேதான் வந்தான்.

"டைலரண்ணே, ஈப்போவுக்கு வாங்கன்னு சொன்னா நெல்லு அறுக்க வந்துட்டீங்களே! இன்னும் கொஞ்சம் தூங்கியிருந்தா பினாங்குக் கடல்லயே எறங்கியிருக்கலாம்லா."

நான் தையல்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து பழைய சேலைகளையும் வேட்டிகளையும் வாங்கி, பைகளாகத் தைத்துச் சந்தையில் சும்மா கொடுக்கிறோம். எங்கள் பக்கம் கோயில் பார்க்க வந்த குணா அந்தப் பைகளைப் பார்த்தான். அவனும் ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு துப்புரவு வேலை செய்கிறவன். "ஒரு பத்து நாள் வந்து எங்க பொம்பளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க" என்று விடாமல் நின்றான். மறுத்துப் பேச எனக்கு வராது. அதனால் வந்தேன்.

குணாவின் வீடு குனோங் ராபாட்டில். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வரிசை வீடுகள். வரிசை முடிகிற இடத்தில் மலை ஆரம்பித்துவிடுகிறது. எங்கள் பக்கத்து மலை சரிந்து ஏறும். இது சுவர் மாதிரி நேராக எழும்புகிறது. வெள்ளைப் பாறையில் மழைத்தண்ணீர் வழிந்த கறுப்புக் கோடுகள், நடுநடுவே திறந்த வாய்கள் போலக் குகைகள். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனால், அது போய் முடிந்த பிறகு அதன் சத்தம் இன்னொரு வண்டியாக மலைக்குள் போகிறது. முதல் நாள் முழுக்க எட்டி எட்டிப் பார்த்து ஏமாந்தேன்.

வீட்டில் குணாவின் அக்கா பாக்கியம் இருந்தார். அறுபதை ஒட்டிய வயது. புருஷன் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, தோட்டம் மூடியதும் நகரத்துக்கு வந்து, இப்போது ஒரு மருத்துவமனையில் தரை துடைக்கிறார். தம்பிக்கும் அவருக்கும் இடையே பெரிய இடைவெளி. கைக்குழந்தையாகத் தோட்டத்தை விட்டு வந்தவன் குணா.

"பசியாறியாச்சா?" என்பதுதான் அந்த அம்மாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்று பெயர். நாங்கள் டிபன் என்று சொல்லிச் சொல்லி இந்த நல்ல சொல்லைத் தொலைத்துவிட்டோம். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை, மூன்று தோசைகளை வைத்தார். தொட்டுக்கொள்ள வைத்த காரச் சம்பலில் நெத்திலி மீன் கிடந்தது. காலையில் மீனா என்று மனம் திகைத்தது. கை நிற்கவில்லை.

மறுநாள் ஒரு மண்டபத்தில் தையல் வேலை ஆரம்பமானது. வந்த பெண்கள் என்னைவிட நன்றாகத் தைத்தார்கள். பை தைக்கச் சொல்லிக்கொடுக்க வந்தவன் என்ற கூச்சத்தில் நான் பாதி நேரம் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். என் பெயரை யாரும் கேட்கவில்லை. பெரியவர்களுக்கு டைலர், சின்னவர்களுக்கு டைலரண்ணே.

மத்தியானம் குணா டீ வாங்கி வந்தான். ஒரு பிளாஸ்டிக் பையில் டீ, அதன் கழுத்தில் ஒரு கயிறு, உள்ளே ஓர் உறிஞ்சுகுழல். ஆணியில் மாட்டிவிட்டு ஆறினபின் குடிக்கலாமாம். துணிப்பை தைத்துக்கொண்டே அதை எல்லாரும் உறிஞ்சினோம். நான் அந்தப் பையையே பார்ப்பதைக் கண்டு ஒரு பெண் சொன்னாள்: "அண்ணே, டீ ஊத்துற மாதிரி துணியில ஒரு பை தச்சுக் குடுங்க. நாளைக்கே மாறிடுறோம்லா." எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊர்க் கடையிலும் பார்சல் டீ பிளாஸ்டிக் பையில்தான் வருகிறது. அதை நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் அக்கா பிறந்த தோட்டத்துப் பழைய கோயிலுக்குத் துப்புரவுக்குப் போனோம். குணா, நான், அவன் நண்பர்கள் இரண்டு பேர். அக்கா இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்ததால் வரவில்லை. தாப்பா போகும் பழைய சாலையில் கொஞ்ச தூரம் சென்று, அதே மாதிரி நேராக எழும்பும் இன்னொரு மலையை நோக்கி ஒரு மண் பாதை திரும்புகிறது. அந்த முனையில் அனிபா பாயின் சாப்பாட்டுக் கடை. தகரக் கூரை, நாலு மேசை. பெரியவருக்கு எழுபது இருக்கும். நான் பேசிய ஒரே வார்த்தையிலேயே பிடித்துவிட்டார்.

"ஊர்க்காரரா? எந்தப் பக்கம்? முசிறியா! நமக்கு ராமநாதபுரம். நான் போனதே இல்ல, ஆனா நமக்கு ராமநாதபுரம்."

அந்தக் காலத்தில் அவர் மோட்டார் சைக்கிளில் ரொட்டியும் பிஸ்கட்டும் கட்டிக்கொண்டு தோட்டத்து வீடுகளுக்குப் போய் விற்றவராம். "இப்ப உள்ள போனா வாங்குறதுக்கு ஆந்தைதான் இருக்கு" என்றார். வேடிக்கை என்று நினைத்தேன்.

ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. ஈச்ச மரத்தைப் பெருக்கி வைத்தது மாதிரி ஒரு மரம், அதே மாதிரி இன்னொன்று, அதே இடைவெளியில் இன்னொன்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசை நேராக ஓடி இருட்டில் முடிகிறது. மேலே மட்டைகள் பின்னிக்கொண்டு கிடப்பதால் பட்டப்பகலில் குளத்துக்கு அடியில் நிற்பது போல ஒரு பச்சை வெளிச்சம். காற்றே இல்லை. எங்கோ ஒரு மட்டை ஒடிந்து தொப்பென்று விழுந்தது. அதன் பிறகு மறுபடியும் சத்தமில்லை.

நடுநடுவே கம்பத்தின் மேல் மரப்பெட்டிகள் நின்றன. எலியைப் பிடிக்க ஆந்தை வளர்க்கிறார்களாம். ஒரு பெட்டியின் ஓட்டையில் வெள்ளை முகம் ஒன்று இருந்தது. நாங்கள் நடக்க நடக்க அதுவும் திரும்பியது.

அதைவிட என்னை நிறுத்தியது படிக்கட்டுகள். சிமெண்டுப் படிகள், மும்மூன்றாக, வரிசையாக. ஏறினால் வீடு இல்லை, செம்பனைதான். தோட்டத்து வீடுகளை இடித்தவர்கள் படிகளை விட்டுவிட்டார்கள். ஒரு படியில் சிவப்புச் சாயம் இன்னும் ஒட்டியிருந்தது. நான் அதை மிதிக்காமல் சுற்றிப் போனேன். குணாவும் சுற்றித்தான் போனான்.

கோயில் என்பது ஒரு கல், ஒரு சூலம், தலைக்கு மேல் வெட்டாமல் விட்ட ஒரு பெரிய மரம். முனியாண்டி. பாக்கியம் அக்கா செவ்வாய்க்கிழமைகளில் வந்து விளக்கு ஏற்றுகிறார் என்று குணா சொன்னான். "வெளக்கு எரியுற வரைக்கும் கம்பெனிக்காரன் தொட மாட்டான். ஒரு மாசம் ஆள் வரலன்னு தெரிஞ்சா, மறுநாள் அங்க நாலு கன்னு நட்டுடுவான்." அக்கா பஸ்ஸில் வந்து அனிபா பாய் கடையருகே இறங்கிக் குறுக்கே நடந்து வருவாராம். நாங்கள் லாரியில் மண் பாதையைச் சுற்றி வந்து, கடைசிக் கொஞ்ச தூரம்தான் நடந்திருந்தோம்.

பிளாஸ்டிக் பைகள், சுருட்டுப் பெட்டிகள், காலிப் போத்தல்கள் எல்லாவற்றையும் பொறுக்கினோம். அப்போதுதான் கண்டேன். ஒரு செம்பனையின் வெட்டிய மட்டைக்குள் ஒரு பீங்கான் கிண்ணம் செருகியிருந்தது. சற்றுத் தள்ளி இன்னொரு மரத்தில் இன்னொன்று.

"பழைய மங்கு. ரப்பர்ப் பால் புடிக்கிறது. எவன் கொண்டாந்து வச்சானோ" என்றான் குணா.

எட்டிப் பார்த்தேன். மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. தண்ணீருக்குள் கொசுப்புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

ஊரில் காலை நடைக்குப் போனால் நான் கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்துக்கொண்டே போவேன். பழைய டயரில் தண்ணீர் நின்றால் சாய்த்து ஊற்றுவேன். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை டெங்குவில் போனதிலிருந்து இது பழக்கம். யாரிடமும் பேசாமல் செய்யக்கூடிய சேவை அது ஒன்றுதான். அதனால் அன்று நானே முதலில் சொன்னேன்: "இதையெல்லாம் எடுத்துடலாங்களா?"

நான் யோசனை சொன்னதில் எல்லோருக்கும் சந்தோஷம். கிண்ணங்கள் இருந்த மரங்களைத் தொடர்ந்து போனோம். அவை ஒரே வரிசையில் இல்லை. இடப்பக்கம் இரண்டு வரிசை தாண்டி, பிறகு நேராக, பிறகு வலப்பக்கம் என்று வளைந்து வளைந்து போயின. தண்ணீரைக் கொட்டிக் கொட்டிச் சாக்கில் போட்டோம். கடைசிக் கிண்ணத்தை எடுத்து நிமிர்ந்தபோது எதிரே சாலையும் அனிபா பாய் கடையும் இருந்தன. அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நல்ல காரியம் செய்த நிறைவில் எதுவும் தோன்றவில்லை.

மாலையில் பாக்கியம் அக்காவிடம் கோயிலைச் சுத்தம் செய்ததைக் குணா சொன்னான். "நல்லா இருங்க" என்று எங்கள் இருவருக்கும் ஒரு மீன் துண்டு அதிகமாக வைத்தார். கிண்ணங்களைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். தற்பெருமையாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா எண்ணெய்த் தகரத்தையும் நீலக் குடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மத்தியானம் வந்து சமைப்பேன் என்றார். வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. மூன்று மணிக்குக் குணா வேலையிலிருந்து வந்து என்னை லாரியில் ஏற்றிக்கொண்டான். வழியில் அவன் நண்பர்கள் இருவரும் மோட்டாரில் சேர்ந்துகொண்டார்கள்.

மண் பாதையில் குலை வெட்டும் இந்தோனேசியர் ஒருவர் நீளக் கம்போடு எதிரே வந்தார். குணா மலாயில் கேட்டான், அவர் சொன்னதை எனக்குச் சொன்னான். காலையில் ஓர் அம்மாள் நீலக் குடையோடு உள்ளே போனாராம். மரத்துக்கு மரம் நின்று எதையோ தேடினாராம். வெளியே வந்ததைப் பார்க்கவில்லையாம். கடைசியாக அவர் மலைப் பக்கம் கம்பைக் காட்டி ஏதோ சொன்னார். நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"மலைக்குக் கீழ அந்தக் காலத்துல ஈயம் தோண்டுன குட்டை இருக்காம். மழையில கரை உள்வாங்கிக் கெடக்காம். அந்தப் பக்கம் போயிடாம பாத்துக்கங்கன்னு சொல்றாரு." பிறகு மெதுவாகச் சொன்னான். "அக்காவுக்கு நீச்சல் தெரியாதுண்ணே."

மரத்துக்கு மரம் நின்று எதையோ தேடினார். அந்தக் கிண்ணங்கள் யாருடையவை, எதற்கு என்று அப்போது புரிந்தது. உள்ளே எல்லா வரிசையும் ஒன்றாக இருக்கும் இடத்தில், ஒரு மனுஷி தனக்காகப் போட்டுவைத்த வழி அது. அதைப் புழுவோடு சேர்த்துச் சாக்கில் கட்டியிருக்கிறேன்.

கோயிலில் விளக்கு எரியவில்லை. அவர் அதுவரை வந்து சேரவே இல்லை. நாலு பேரும் நாலு திசையில் பிரிந்தோம். "டிராக்டர் தடம் கண்டா அதப் புடிச்சு வெளிய வந்துடுங்க" என்று குணா எனக்குச் சொன்னான். பிறகு கைகளை வாயில் குவித்துக் கத்தினான்.

"பாக்கியம் அக்காஆஆ!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது. உடனே இல்லை. நாம் மறந்து அடுத்த அடி வைத்த பிறகு, வேறொருவர் மெதுவாகக் கூப்பிடுவது போல.

நானும் கத்தினேன். என் வாழ்நாளில் சத்தமாகக் கூப்பிட்டது அநேகமாக அன்றுதான். வாடிக்கையாளர் பணம் தராமல் போனால்கூடக் கூப்பிடாதவன். "பாக்கியம்! பாக்கியம் அக்கா!" என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது. அது மலையிலிருந்து திரும்பி வந்தபோது இன்னும் பழக்கமில்லாமல் இருந்தது. நாலு பேர் கத்த, எட்டுக் குரல்கள் கேட்டன. எது யாருடையது என்று தெரியவில்லை.

மேகம் கூடியது. பச்சை வெளிச்சம் சாம்பலானது. நான் ஒரு வரிசையின் நடுவே நின்று சுற்றிப் பார்த்தேன். அந்தக் கோடியில் நீலமாக ஏதோ தெரிந்தது. குடை. குடைக்குக் கீழே பாக்கியம் அக்கா. என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கையை உயர்த்தி ஆட்டினேன். "பாக்கியம்!" என்றேன்.

அவர் முந்தானையைத் தலையோடு இழுத்துக் காதை மூடிக்கொண்டார். திரும்பினார். ஓட்டமும் நடையுமாக மரங்களுக்குள் போனார்.

நான் ஓடினேன். அந்த இடத்தில் ஒரு மாடு நின்று மேய்ந்துகொண்டிருந்தது, வேறு யாரும் இல்லை. மட்டைக் குவியலுக்கு அப்பால் பார்த்தேன். இல்லை. தேடி வந்தவரைக் கண்டும் ஓடுகிற மனுஷி உண்டா? நான் பார்த்தது அவர்தானா? மறுபடி கூப்பிட வாய் வரவில்லை. டிராக்டர் தடம் ஒன்று தட்டுப்பட்டது, அதைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அது அனிபா பாய் கடைக்குப் பக்கத்தில் போய் முடிந்தது.

கோர்வையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. ஆனாலும் அவர் புரிந்துகொண்டார். தோசைக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எப்படிக் கூப்டீங்க?"

"பேர் சொல்லித்தாங்க."

"யா அல்லாஹ்! பேரச் சொல்லியா? உள்ளுக்கு நின்னுக்கிட்டா?" அவர் அடுப்பை அணைத்தார். "தம்பி, தோட்டத்து ஆளுங்க மரத்துக்குள்ள பேரு சொல்லிக் கூப்புடவே மாட்டாங்க. இருட்டோட எந்திரிச்சு ஆளுக்கொரு பக்கம் போயி வெட்டுறவங்க. உள்ள எது பேரு சொல்லிக் கூப்புட்டாலும் அது ஆளு இல்ல. பதில் குடுக்கக் கூடாது, அதுக்கு எதிர்ப்பக்கம் போயிடணும். சின்னப் புள்ளயிலேயே சொல்லி வளப்பாங்க. குணாவுக்கு எங்க தெரியும், அவன் டவுனு புள்ள."

எங்கள் குரல்கள் கோயில் பக்கமிருந்தும் சாலைப் பக்கமிருந்தும்தான் அவருக்குக் கேட்டிருக்கும். எதிர்ப்பக்கம் என்றால் மலை. மலைக்குக் கீழே குட்டை.

"அப்ப எப்படிங்க கூப்புடறது?"

"வாளியத் தட்டுவாங்க. மூணு தட்டு, நிறுத்தணும். கேட்டவங்க மூணு தட்டுவாங்க." அவர் ஒரு பிஸ்கட் தகரத்தைக் காலி செய்து என் கையில் கொடுத்தார். மோட்டாரை உதைத்தார். "ஏறுங்க டைலரே. இத்தன வயசுல எனக்கும் ஒரு சவாரி."

உள்ளே போனதும் முதல் வேலையாகக் குணாவைக் கத்தவிடாமல் நிறுத்தினோம். அவன் குரல் கம்மிப்போயிருந்தது. மலையும் ஓய்ந்தது. அந்த அமைதி கத்தியதைவிட மோசமாக இருந்தது. நான் தகரத்தை மூன்று முறை தட்டினேன். காத்திருந்தோம். இலைகளில் தூறல் விழும் சத்தம் மட்டும்.

இன்னும் கொஞ்சம் நடந்து மறுபடி தட்டினேன். ஒன்றுமில்லை. குணா தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அனிபா பாயின் உதடுகள் அசைந்தன.

மூன்றாம் முறை தட்டி முடித்தபோது, வலப்பக்கம் வெகு தூரத்திலிருந்து வந்தது. டங். டங். டங். எண்ணெய்த் தகரம்.

குணா ஓடினான். நாங்கள் தட்டத் தட்ட, அது பதிலுக்குத் தட்டியது. மரங்கள் முடிந்து வானம் தெரிந்த இடத்தில், பால்பச்சையாகப் பெரிய குட்டை. அதற்குப் பின்னால் மலை நேராக நின்றது. கரை ஓரத்தில் மண் உடைந்து தொங்கியது. உடைந்த இடத்துக்கு இரண்டு முழம் இந்தப் பக்கம் பாக்கியம் அக்கா உட்கார்ந்திருந்தார். சேலையில் முழங்கால் வரை சேறு. ஒரு கால் செருப்பு இல்லை.

குணா அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அவர் அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார்.

"எந்தக் கட்டையில போறவன்டா என் பேர காட்டுல ஏலம் போட்டது?"

"நாங்கதான் தேடுனோம்க்கா!"

"நீங்களா? மலையில இருந்து கூப்புட்டுச்சு. இந்தப் பக்கம் வந்தா அந்தப் பக்கம் கூப்புடுது. ஒண்ணு இல்ல, ஒம்போது கொரலு. அதுல ஒண்ணு மர நெரையோட முனையிலயே நின்னுச்சு. ஒல்லியா, ஒசரமா. மொகம் தெரியல. கைய இப்படித் தூக்கி ஆட்டிக்கிட்டு என் பேரச் சொல்லுது. நல்லாத் தெரிஞ்சுச்சு, மனுசன் இல்லன்னு. அதுக்குப் பயந்துதான் இம்புட்டு தூரம் வந்தேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே ஒல்லியாக, உயரமாக நான் ஒருவன்தான் இருந்தேன்.

"அது நாந்தாங்க" என்றேன்.

முதலில் சிரித்தது அனிபா பாய். பிறகு குணா, அழுதுகொண்டே. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அப்புறம் எனக்கு வராது.

"அக்கா, அந்த மங்கெல்லாம் எடுத்ததும் நாந்தாங்க. புழு இருந்துச்சு. யாருதுன்னு கேக்கல."

சிரிப்பு நின்றது. அவர் சேற்றுக் காலைப் பார்த்தார், குட்டையைப் பார்த்தார்.

"பேயும் நீங்கதான், திருடனும் நீங்கதானா?" என்றார். வீட்டுக்கு வந்து, குளித்து, எல்லோருக்கும் ரசம் வைத்தார். என் தட்டில் சோற்றைப் போடும்போது சொன்னார். "டிங்கிக் காய்ச்சல் வார்ட தொடைக்கிறவ நான். தண்ணியக் கொட்டுனது சரிதான் தம்பி. ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொட்டியிருக்கணும்."

அன்று இரவு எனக்கு இது ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு காரியத்தையும் கவனத்தோடு செய்ய வேண்டும் என்று எங்கள் ஊரில் நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்வோம். கிண்ணத்துக்குள் இருந்த புழுவை நான் கவனித்தேன். அதை அங்கே வைத்த கையைக் கவனிக்கவில்லை. கேட்பதற்குக் கூச்சப்படுவதை நான் இத்தனை நாள் அடக்கம் என்று நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை அக்காவுக்கு விடுமுறை. கிண்ணங்களைத் திரும்ப வைக்க வேண்டாம் என்று அவரே சொன்னார். பைகள் வெட்டியதில் மிஞ்சிய சிவப்புச் சேலையை நான் பட்டை பட்டையாகக் கிழித்து, பிரியாமல் இருக்க ஓரம் அடித்துக்கொண்டு வந்தேன். குணா எங்களை இறக்கிவிட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டான். அவனை உள்ளே வர வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். "நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்ட."

நாங்கள் இருவரும் சாலையிலிருந்து உள்ளே கட்டிக்கொண்டே போனோம். எந்த மரம் என்று அவர் தொட்டுக் காட்டுவார். துணியின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்வார், நான் சுற்றி வந்து முடிச்சுப் போடுவேன். பேச்சே இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. இடையில் ஒரு முறை மட்டும், "எங்க ஊட்டுப் படி" என்று ஒரு படிக்கட்டைக் காட்டினார். நின்று பார்க்கவில்லை.

கோயிலுக்கு இன்னும் ஐந்தாறு மரங்கள் இருக்கும். நான் முடிச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போது மலைப் பக்கமிருந்து என் பெயர் கேட்டது.

டைலர் என்று இல்லை. என் பெயர், முழுதாக, ஒரே ஒரு முறை. உரத்து இல்லை. வீட்டில் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவார்களே, அந்த அளவுக்கு. இந்த ஊரில் யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை. எங்கும் யாரும் கத்தவில்லை, மலை திருப்பிச் சொல்ல.

யார் கூப்பிட்டாலும் உடனே "இதோ" என்று எழுந்து நின்று பழகியவன் நான். வாய் தானாகத் திறந்துவிட்டது.

பாக்கியம் அக்கா துணியின் மறுமுனையைப் பிடித்தபடி இருந்தார். அந்தக் கை அசையவில்லை. அவர் மலைப் பக்கம் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு முடிச்சை இறுக்கினேன். அவர் துணியை விட்டார்.

"அடுத்த மரம்" என்றார்.